முதுகு கிழிந்த கோட்டுக்குப் பெரிய ஒட்டு
(தோட்டத் தையல் வகுப்பில் ஆற்றிய உரை)



நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்குது. ஹட்டன் 4,000 அடிக்கு மேலே. மே மாதம் தொடங்கினால் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. இந்த ஈரத்திலும் குளிரிலும்தான் நாம பிரட்டுக்குப் போறோம். கோட்டு நமக்கு அலங்காரம் இல்லை, உடம்புக்குக் காவல்.

கோப்பிக் காலத்தில் நம் முன்னோருக்குக் கொடுத்த கம்பளியின் விலைகூடப் பற்றுக் கணக்கில்தான் ஏறியது. கடனைக் காட்டிய துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிந்தது. அதனால் கையிலிருக்கும் உடுப்பைக் காப்பாற்றுவதும் கூலியைக் காப்பாற்றுவதும் ஒன்றுதான்.

கொழுந்து எடுப்பவர்களுக்குக் கூடையோ சாக்கோ உரசி முதுகுதான் முதலில் தேயும். கவ்வாத்து வெட்டுபவர்களுக்குத் தோளும் கையும் போகும். ஓட்டை சின்னதுதானே என்று சின்ன ஒட்டுப் போட்டால், சுற்றியுள்ள நைந்த துணி அடுத்த வாரமே பிய்ந்துவிடும். கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி எதுவரை மெலிந்து தெரிகிறதோ, அதற்கும் வெளியே இரண்டு விரல் தள்ளி ஒட்டு வரவேண்டும்.

ஒட்டுத் துணியையும் கோட்டையும் முதலில் துவைத்துக் காயப்போடுங்கள். துவைக்காத துணி பிறகு சுருங்கி, கோட்டையும் சேர்த்து இழுக்கும். கோட்டின் நூல் ஓடும் திசையிலேயே ஒட்டின் நூலும் ஓடட்டும். மூலைகளை வளைவாக வெட்டுங்கள். கூர் மூலைதான் செடியில் மாட்டிக் கிளம்பும். ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து அழுத்துங்கள். நைலோன் துணி என்றால் சூட்டுப் பெட்டியை நேரே வைக்காதீர்கள், உருகிவிடும்.

மடியில் வைத்துத் தைக்க வேண்டாம், கோணிப்போகும். மேசையில் விரித்து, நடுவிலிருந்து வெளியே தடவிவிட்டு, குண்டூசி குத்தி, பெரிய பெரிய தையலாக முதலில் ஓட்டிக்கொள்ளுங்கள். கோட்டைப் போட்டு, கையை முன்னே நீட்டி, கொழுந்து எடுக்கிற மாதிரி குனிந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் மட்டும் ஓரத்தைச் சுற்றி இரண்டு வரி தையுங்கள். பெரிய ஒட்டு காற்றில் உப்பும். அதனால் நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொரு வரி போடுங்கள். நனைகிற உடுப்புக்குப் பருத்தி நூல் சீக்கிரம் உக்கிவிடும், பொலியெஸ்டர் நூல் நல்லது. உள்துணி உள்ள கோட்டு என்றால் அதன் அடிவிளிம்பைப் பிரித்து, கையை உள்ளே விட்டு, மேல்துணியில் மட்டும் தையுங்கள்.

மழைக் கோட்டுக்கு ஊசி ஆகாது; ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் இறங்கும். அதற்குப் பசைதான் சரி.

முக்கியமான ஒன்று சொல்றேன், மறந்திடாதீங்க. மருந்து அடித்த உடுப்பையோ மருந்து பட்ட சாக்கையோ வெட்டி ஒட்டுப் போடாதீர்கள். துணியில் ஊறிய மருந்து வியர்வையோடு தோலில் இறங்கும். பிள்ளையின் கோட்டுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஒட்டுப் போட்ட கோட்டோடு பள்ளிக்கூடம் போகப் பிள்ளைகள் கூச்சப்படலாம். அதே நிறத் துணி தேடி, நேராகத் தைத்துக் கொடுங்கள். ஒட்டு வெட்கமில்லை. நனைந்த முதுகோடு பிள்ளை வகுப்பில் நடுங்குவதுதான் நமக்கு வருத்தம்.