வாயிலும் வாசலும்

  

வீட்டினுள் புகுவார் முதற்கண் கடப்பது வாயில். அச்சொல்லின் அமைப்போ தமிழின் தொன்மைக்கே வாயிலாக நிற்கிறது. வாய் என்பது திறப்பு. இல் என்பது மனை. இல்லினது வாய் ஆதலின் 'இல்வாய்' என வரற்பாலது, முன்பின்னாக மாறி 'வாயில்' என நின்றது. இல்லின் முன் 'முன்றில்' ஆயதும் இவ்வாறே. இத்தகையவற்றை இலக்கணப்போலி என்பர். நன்னூலார் அதனை இயல்பு வழக்கினுள் வைத்தாரேயன்றி, வழுவென்று தள்ளினாரல்லர்.

இச்சொல் கட்டடத்தளவில் நின்றதுமன்று. ஐம்பொறிகளை வாயில் என்றார் வள்ளுவர். தலைவன் தலைவியரிடையே ஊடல் தீர்க்க உதவும் தோழி, பாணன், விறலி முதலிய பன்னிருவரை வாயில்கள் என்றது தொல்காப்பியக் கற்பியல். உட்புகுதற்கு வழியாவது எதுவோ, அதுவே வாயில்.

இனி, மக்கள் நாவில் வழங்குவது 'வாசல்'. ஒலியொப்புமை ஒன்றே கொண்டு இதனை 'வாசம்' என்னும் வடசொல்லோடு பிணைத்தல் பொருந்தாது. யகரம் சகரமாதல் தமிழ்ப் பேச்சின் இயல்பு. முயல் முசலாயிற்று, குயவன் குசவனானான், உயிர் உசிராயிற்று. அவ்வாறே வாயில் வாசலாயிற்று. கன்னடத்துப் பாகிலும், தெலுங்கின் வாகிலியும், மலையாள வாதிலும் இதன் உடன்பிறப்புகளே.

பொருளும் விரிந்துள்ளது. 'வாசல் தெளித்துக் கோலமிட்டாள்' என்னுமிடத்து, வாசல் என்பது கதவு நிற்கும் நிலையன்று. அதன் முன்னுள்ள முற்றம். 'வீடு வாசல்' என்னும் இணைமொழியிலோ, குடும்பத்தின் உடைமை முழுவதும் அடங்கிவிடுகிறது.

ஆகவே, வாசல் என்று எழுதிய சிறுவனை 'இது தமிழா?' எனக் கடியும் ஆசிரியர், அவன் தாய் ஊட்டிய தமிழையே பழிக்கின்றார். வாசலிலிருந்து வாயிலுக்குச் செல்லும் வழியைக் காட்டுவதே ஆசிரியர் கடன். எழுத்துக்கு வாயில், பேச்சுக்கு வாசல், இரண்டும் தமிழே!

களையவேண்டியது வேறு. துவாரபாலகர் என்பது எதற்கு, வாயிற்காவலர் இருக்க? 'மெயின் கேட்டு' எதற்கு, தலைவாயில் இருக்க? 'கேட்டைத் திற' என்று வீட்டுக்கு வீடு கூவுகின்றனர். தமிழ்ச் செவியில் அது எவ்வாறு ஒலிக்கும்? கேடு என்னும் சொல் ஐயுருபு ஏற்றால் கேட்டை என்றுதானே ஆகும்? கேட்டைத் திறக்கச் சொல்வார் அதனை இல்லத்துள் அழைக்கின்றார் என்பதை உணர்க!

வாயிற்கதவைத் திறமின், தமிழ் உள்ளே வருக!