கோடீஸ்வரனும் தள்ளுபடிக் கடிதமும்



போன கூட்டம் முடிஞ்சு வெளியில வரேக்க ஒரு தங்கச்சி கேட்டா: "அரச அலுவலகத்துக்கு எதிரா நான் குடுத்த முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்திட்டாங்கள். அப்ப எனக்கு நடந்தது பாகுபாடு இல்லையோ அண்ணா?" அண்டைக்கு நான் ஒழுங்கா மறுமொழி சொல்லேல்லை. இண்டைக்கு ஒரு பழைய வழக்கை வைச்சுச் சொல்லுறன்.

செல்லையா கோடீஸ்வரன் இலங்கை அரசாங்கத்தில் எழுதுவினைஞர். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சி காட்டாத அரச ஊழியருக்குச் சம்பள உயர்வு இல்லை என்று 1961இல் திறைசேரி சுற்றறிக்கை விட்டது. அடுத்த வருடம் அவருடைய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் சட்டமா அதிபருக்கு எதிராக வழக்குப் போட்டார். ஒரு சமூகத்தைப் பாகுபடுத்தும் சட்டங்களைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் காட்டி, 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. பாகுபாடு நடக்கவில்லை என்றா? இல்லை. சம்பளம் கேட்டு அரசை நீதிமன்றத்துக்கு இழுக்க அரச ஊழியருக்கு உரிமையே இல்லையாம்! பாகுபாட்டுக் கேள்வியை நீதிபதிகள் தொடவே இல்லை.

வடிவாக் கவனியுங்கோ. "நீ சொல்லுறது பிழை" எண்டது வேற, "நீ இந்த வாசலுக்கு வரேலாது" எண்டது வேற.

கோடீஸ்வரன் விடவில்லை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1969 டிசம்பரில் வாசல் திறந்தது: அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசுக்கு எதிராக வழக்காடலாம். ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே அது விசாரிக்கப்படவே இல்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியை அரசு மூடியது. 1972 அரசியலமைப்போடு 29ஆம் பிரிவும் போனது. இதை வாசிக்கிற நேரமெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இஞ்ச ஒஸ்லோவில, கடிதம் வந்தா முதல்ல காரணத்தைப் பாருங்கோ. எந்த வாசலை மூடியிருக்கிறாங்கள்? பாகுபாட்டு நெம்ன்டாவின் முடிவை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் மூண்டு மாதத்துக்குள்ள. ரிங்ரெட்டில தோத்தா லாக்மன்ஸ்ரெட்டுக்குப் போக ஒரு மாதம்தான். தோத்தா மற்றப் பக்கத்தின்ர செலவும் தலையில விழலாம், அதனால தொழிற்சங்கத்தில இருக்கிறவை முதல்ல அங்க கதையுங்கோ. வேலை கிடைச்ச ஆளின்ர படிப்பையும் அனுபவத்தையும் எழுத்தில தரச்சொல்லிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, பாகுபாட்டுச் சட்டம் 31ஆம் பிரிவு. பாகுபாடு நடந்தது எண்டு நம்ப இடமிருந்தா, இல்லையெண்டு நிறுவுறது வேலை குடுக்கிறவரின்ர பொறுப்பு, அது 37ஆம் பிரிவு.

தங்கச்சி, பின்வரிசையில இருக்கிறீங்கள், தெரியுது. கடிதம் கைக்கு வந்த திகதியை எழுதி வைச்சிருக்கிறீங்களோ?