தடைக்காலத்தில் பேட்டரி



ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கரையில் நிற்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2001-இல் இந்தத் தடை வந்தபோது 45 நாள்தான். இந்த நாட்களில் வலையைச் சரிபார்ப்பார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். ஆனால் எஞ்சினைக் கிளப்பவும் விளக்கு, ஜிபிஎஸ், ஒயர்லெஸ் ஓடவும் வைத்திருக்கும் பேட்டரி பல படகுகளில் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

அதைப் பேணத் தெரிந்தவர்களின் கைவேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். திருப்பாதிரிப்புலியூர் பக்கம் பேட்டரிக்குச் சார்ஜ் போடும் பழைய கைகள் முதலில் எடுப்பது ஹைட்ரோமீட்டரை. ஆறு மூடியையும் கழற்றி, ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். ‘கிராவிட்டி பார்ப்பது’ என்பது இதைத்தான். 1260-ஐ ஒட்டி நின்றால் அநேகமாக நிறைந்த பேட்டரி. ஐந்து செல் ஒன்றுபோல் இருந்து ஒன்று மட்டும் வெகுவாகத் தாழ்ந்தால் கோளாறு அந்த செல்லில். வோல்ட் மீட்டர் ஆறு செல்லின் கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். எந்த செல் தளர்ந்தது என்று சொல்லாது. ஆறு முறை குனிந்து பார்க்கும் அந்தப் பொறுமையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்ட இந்தப் பேட்டரியை 1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். சும்மா இருந்தாலும் இதன் சார்ஜ் இறங்கும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் கேரவன் வண்டியைப் பனிக்காலம் முழுக்க நிறுத்திவைப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் குளிரே துணை. சார்ஜ் தீர்ந்த பேட்டரி உறைந்து வெடிப்புக் காணும் என்பதுதான் அவர்கள் கவலை. நமக்கோ ஓய்வுக்காலம் அக்னி நட்சத்திரத்தில் வருகிறது. சார்ஜ் இறங்கியபடியே கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் படிந்து இறுகிப்போகும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. கடலில் உழைத்துக் கெட்டதைவிடக் கரையில் கிடந்து கெட்ட பேட்டரிகளுக்காகத்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். முழு சார்ஜ் போட்டு, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். சிமென்ட் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்று பலகை தேடுவார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம். உப்புக்காற்றில் டெர்மினலில் பூக்கும் வெள்ளையைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்ந்தபின் வாசலின் தடவுங்கள். கழுவும் நீர் செல்லுக்குள் இறங்கக் கூடாது.

மட்டம் குறைந்தால் ஆசிட் ஊற்றுவது தவறான பழக்கம். ஆவியாகிக் குறைவது தண்ணீர்தான். ஆகவே டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு தகட்டைக் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள்.

படகுக்கார அண்ணன்மார்களே, மே மாத நடுவில் ஒருநாள் ஒதுக்கி கிராவிட்டி பாருங்கள். வோல்ட் 12.4-க்குக் கீழே போயிருந்தால் உடனே சார்ஜ் போடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கடலுக்குப் புறப்படுங்கள்.