கல்லடைப்பு: முதுசமும் தேடியதேட்டமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவராகிய நாம் இச்சபையில் நோயைப் பற்றிப் பேசத் துணிந்தது, வைத்தியர் என்ற உரிமையினாலன்று. படித்ததை ஊரோடு பகிர்தல் கடன் என்பதனாலேயாம். பெரியமடு போன்ற வறண்ட ஊர்களிலே கல்லடைப்புக் கண்டவர் முதலிற் கைவிடுவது பாலையும் தயிரையும்; கைவிடாதது உப்பையும் கருவாட்டையும். இவ்வழக்கம் நேர்மாறாதல் வேண்டும் என்பதே எமது பேச்சின் பொருள்.

கல் எவ்வாறு உண்டாகின்றது? உப்பளத்தைப் பார்த்தோர்க்கு இது விளங்காத வித்தையன்று. பாத்தியிற் கட்டிய கடல்நீர் வெய்யிலில் வற்ற வற்ற உப்பு விளைகின்றது. அவ்வாறே சிறுநீர் குறுகித் தடிக்குமிடத்து, அதிலுள்ள கல்சியமும் ஒட்சலேற்று என்னும் பொருளும் கூடிப் பளிங்காகி, நாளடைவிற் கல்லாகின்றன. சிறுநீரகக் கற்களுள் 100க்கு 80 அளவில் கல்சியக் கற்களேயாம். வயலிலும் வள்ளத்திலும் வியர்வை சிந்தித் தாகத்தை அடக்கி உழைப்பவர், தம் உடலுக்குள்ளேயே உப்பளம் நடத்துகின்றார் எனலாம்.

ஆயின், ஒரே வயலில் உழைக்கும் இருவருள் ஒருவருக்கு மாத்திரம் கல் வருவதேன்? எம்மவர் சொத்தை முதுசம் என்றும் தேடியதேட்டம் என்றும் பிரிப்பர். இந்நோய்க்கும் அவ்விரு வழிகள் உண்டு.

முதுசத்தை முதலிற் பார்ப்போம். பெற்றோர் வழி வரும் பரம்பரையலகுகள் சில, கல் உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஐசுலாந்து, நெதர்லாந்து மக்களை ஆராய்ந்து அத்தகைய ஒன்றை 2009இல் வெளியிட்டனர். அதனைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு நோய் வாய்ப்பு, பெறாதவரிலும் 1.64 மடங்கு. ஆனால் அங்குள்ளோரில் 100க்கு 62 பேர் அவ்வாறு பெற்றவரே! அவரெல்லாம் நோயாளரா? அல்லர். அமெரிக்காவில் இரட்டையரைப் பற்றி 2005இல் வெளிவந்த ஆய்வும் இதனையே காட்டுகின்றது. உருவொத்த இரட்டையருள் ஒருவருக்குக் கல் இருப்பின், மற்றவருக்கும் இருந்தது 100க்கு 32 அளவில். உருவொவ்வாத இரட்டையரில் 17 அளவில். பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அதுவே தலைவிதியன்று.

இனித் தேடியதேட்டம். கல்சியக் கல்லென்றால் கல்சியத்தைக் குறைத்தல்தானே முறை? வைத்திய உலகமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணிற்று. இத்தாலியில் அடிக்கடி கல் தோன்றிய 120 ஆண்களை இரு கூறாக்கி 5 ஆண்டுகள் கவனித்து, முடிவை 2002இல் வெளியிட்டனர். கல்சியம் குறைந்த உணவு உண்ட 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கல்சியத்தை வழமைபோல் உண்டு, உப்பையும் மாமிசத்தையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கே வந்தது.

காரணம் யாது? சோற்றோடு உண்ணும் தயிரின் கல்சியம், கீரை முதலியவற்றிலுள்ள ஒட்சலேற்றைக் குடலிலேயே பிணைத்து மலத்தோடு வெளியேற்றுகின்றது. தயிரை நிறுத்தினால் ஒட்சலேற்றுத் தடையின்றிச் சிறுநீரை அடைகின்றது, எலும்பும் நலிகின்றது. உப்போ, கல்சியத்தைச் சிறுநீருக்குள் இழுத்து வருகின்றது.

ஆதலால் நாம் செய்யத்தக்கவை சில. நாளொன்றுக்கு 2 லீற்றருக்குக் குறையாமற் சிறுநீர் கழியத்தக்கதாக நீர் பருகுவோம்; வெய்யிலில் உழைப்பவர்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கிணற்று நீரிற் சுண்ணமுண்டென்று அஞ்சிக் குறையக் குடிப்பதே பெருங்கேடு. இருதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளவர் மட்டும் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டறிக. கருவாட்டையும் ஊறுகாயையும் குறைப்போம். தேசிக்காய்ச் சாறு உப்பிடாமற் பருகலாம். அதன் சிற்றேற்று என்னும் பொருள் கல் விளைவதைத் தடுக்கும். காமரங்காய்ச் சாற்றை மிகுதியாகப் பருகல் ஆகாது. அதன் ஒட்சலேற்றினாற் சிறுநீரகம் கெட்டோரைப் பற்றி எமது நாட்டு வைத்தியர் 2015இல் எழுதியுள்ளனர். கல்சியக் குளிசை பாலுக்கு ஈடன்று. வைத்தியர் சொல்லாமல் விழுங்கற்க. நோவோடு காய்ச்சலும் கண்டாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, கைமருந்திற் காலம் போக்காது ஆசுப்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும். பிள்ளைகளுக்குக் கல் தோன்றின், அது அரிய பரம்பரை நோயாகவும் இருக்கலாம். தக்க வைத்தியரிடம் காட்டுக.

வாலிப நண்பர்களே! தந்தைக்குக் கல் இருந்தால் மகன் அஞ்ச வேண்டுவதில்லை. வயலுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தலை மறவாதிருந்தாற் போதும். தாய்மார்களே! கல்லுக்குப் பயந்து பிள்ளையின் பாலை நிறுத்தாதீர்கள். முதுசத்தை எம்மால் மாற்ற இயலாது. தேடியதேட்டம் எமது கையிலேயே உள்ளது.