காப்பகப் பிள்ளைகளுக்கு நிலையான குடும்பம்: கருத்தரங்கத் தலைமை உரை



காப்பகத்தில் ஒரு பிள்ளையைச் சேர்க்கும்போது வயது, வகுப்பு, உடல்நிலை எல்லாம் எழுதிக்கொள்கிறோம். அந்தப் பிள்ளை எப்போது, யார் வீட்டுக்குப் போகும் என்பதை எழுதுகிறோமா? இக்கருத்தரங்கின் மையக் கேள்வி இதுவே என்று கருதுகிறேன்.

2016 ஜனவரி 15 முதல் நடப்பில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம், நிறுவனப் பராமரிப்பு கடைசி வழி என்கிறது. நம் ஊர்களிலோ பல குடும்பங்களுக்கு அதுவே முதல் வழி. தகப்பன் இறந்துவிட்டால், குடியால் வீடு குலைந்தால், மூன்று வேளைச் சோறும் படிப்பும் கிடைக்கட்டும் என்று தாயே கொண்டுவந்து விடுகிறாள். ஆகவே, காப்பகத்தில் இருப்பவர்கள் எல்லாரும் அநாதைகள் அல்லர். பலருக்குத் தாயோ தந்தையோ இருக்கிறார்கள். இவர்களுக்கு நிலையான வீடு என்பது பெரும்பாலும் சொந்த வீடு, அல்லது பாட்டி வீடு, சித்தி வீடு. மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். வறுமை ஒன்றே காரணமாக இருக்கும் வீட்டில், காப்பகத்தை நாடுமுன் இந்த உதவி போய்ச் சேர வேண்டும்.

தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த வழக்கை அறிவீர்கள். 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் வகுக்கச் சொன்னது. அதற்கான படிவமும் விதிகளில் இருக்கிறது. படிப்பு, உடல்நலம் பற்றிய கட்டங்கள் எளிதில் நிரம்பும். குடும்பம் பற்றிய கட்டத்தை நிரப்ப யாரேனும் பேருந்து ஏறிப் போய் அந்த வீட்டைப் பார்த்து வர வேண்டும். திட்டம் தடுக்கி நிற்கும் இடம் அதுதான்.

காலக்கெடுவைப் பாருங்கள். பெற்றோர் முறைப்படி ஒப்படைத்த குழந்தை என்றால், மனம் மாற அவர்களுக்கு இரண்டு மாதம். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேல் என்றால் நான்கு மாதத்திலும் தத்துக்குத் தகுதி அறிவிக்கப்பட வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆனால் பொங்கலுக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, அழைத்துப் போகவும் மாட்டாமல் ஒப்படைக்கவும் மனமில்லாமல் திரும்பும் தாயின் பிள்ளை? அதன் கோப்பு ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் காப்பகக் குழந்தைகள் 136 பேரை வைத்து நடந்த ஆய்வு நமக்குப் பாடம். இரண்டு வயதுக்கு முன் வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகள், பிந்திச் சென்றவர்களைவிடப் பல வகையில் நன்றாகத் தேறினார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது பாதி ஆயுள்.

அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டம், 22 மாதங்களில் 15 மாதம் அரசுப் பராமரிப்பில் கழித்த பிள்ளைக்குப் பெற்றோர் உரிமையை நீக்க வழக்கிட வேண்டும் என்கிறது, விதிவிலக்குகளும் உண்டு. அந்தக் காலக்கெடுவை மட்டும் கடன் வாங்கி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் உதவியை விட்டுவிட்டால் ஏழைத் தாய்க்குத்தான் தண்டனை. எனவே சேர்த்த நாளிலேயே இரண்டு திட்டம் எழுத வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, வீடு திரும்ப என்ன உதவி, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பது. இரண்டாவது, அது கைகூடாவிட்டால் உறவினரா, வளர்ப்புப் பராமரிப்பா, தத்தா என்பது. இரண்டையும் தாயிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையையும் கேட்க வேண்டும்.

பதினைந்து வயதைக் கடந்தவர்களை மறந்துவிடாதீர்கள். இல்லத்தை விட்டு வெளியேறிய பின் கிடைக்கும் பிற்காப்பு உதவி 21 வயது வரை. சிலருக்கு மட்டும் 23 வரை. அதன் பிறகு தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவார்கள் என்பதும் நம் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

கட்டுரை வாசிப்போர்க்கு ஒரு வேண்டுகோள்: எத்தனை பிள்ளைகள் இல்லத்தில் இருக்கிறார்கள் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை காலம், ஏன் இருக்கிறார்கள் என்பதையும் ஆராயுங்கள். மாலை அமர்வின் தீர்மானங்கள் ஒவ்வொன்றிலும் பொறுப்பாளரின் பதவியும் கெடு நாளும் இருக்கட்டும். அந்த எதிர்பார்ப்புடன் இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.