அறை வாங்கியவரின் கேள்வி



பெரிய வெள்ளியன்று யோவான் நற்செய்தியிலிருந்து ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றைக் கேட்கிறோம். நெடிய வாசகம். நின்று நின்று கால் வலிக்கும்; மனம் கல்வாரிக்கு முந்திக்கொள்ளும். அதனால் 18ஆம் அதிகாரத்தில் வரும் ஒரு சின்ன நிகழ்ச்சியைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம். அன்னாவின் முன் இயேசு விசாரிக்கப்படுகிறார். நேராகப் பதில் சொல்கிறார். பக்கத்தில் நின்ற காவலர் ஒருவர், தலைமைக் குருவிடம் பேசுகிற முறையா இது என்று கன்னத்தில் அறைந்துவிடுகிறார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசு இங்கே பேசாமல் இருக்கவில்லை. நான் பேசியது தவறு என்றால் தவறு எது என்று காட்டும், இல்லையென்றால் எதற்காக அடித்தீர் என்று கேட்கிறார். காவலர் பதில் சொன்னதாக நற்செய்தியாளர் எழுதவில்லை.

2021 ஜூன் 22. கொரோனா ஊரடங்கு நாள்கள். சேலம் மாவட்டத்தில் மதுக்கடைகள் மூடியிருந்தன, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் திறந்திருந்தன. இடையப்பட்டி முருகேசன் நண்பர்களோடு இருசக்கர வாகனத்தில் அங்கே போய்விட்டுத் திரும்புகிறார். பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் போலீசார் மறிக்கிறார்கள். வாய்த்தகராறு. சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் லத்தியால் அடிக்கிறார். மறுநாள் முருகேசன் மருத்துவமனையில் இறந்துபோனார். அடித்த காட்சி கைப்பேசியில் பதிவாகி ஊரெல்லாம் பரவியது. அடித்தவர் கைதானார். முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

இது எங்கோ நடந்தது அல்ல. நம் திட்டக்குடியைத் தொட்டு ஓடும் வெள்ளாற்றுக்கு அந்தச் சேலத்து மலைகளிலிருந்துதான் தண்ணீர் வருகிறது.

செய்தி கேட்டதும் நம்மில் பலர் வாயில் முதலில் வந்தது என்ன? "அவன் என்ன பண்ணினானாம்?" குடித்திருந்தான் என்றதும் பாதிப் பேருக்கு இரக்கம் வடிந்துவிட்டது. முன்பும் அப்படித்தான். 2018 மார்ச் 7 அன்று, திருச்சி துவாக்குடிப் பக்கம் தலைக்கவசம் இல்லாமல் கணவரோடு வண்டியில் போன உஷா என்ற பெண், போக்குவரத்து ஆய்வாளர் துரத்திவந்து வண்டியை உதைத்ததில் விழுந்து இறந்தார். அந்த ஆய்வாளரும் கைதானார். அப்போதும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தவேண்டியதுதானே என்று பேசியவர்கள் உண்டு. நிறுத்தியிருக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தலைக்கவசம் போடாததற்கு அன்றைய சட்டப்படி முதல் முறை அபராதம் 100 ரூபாய்தான். இன்று 1,000 ரூபாய். உதை என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

இயேசுவின் கேள்வியை இங்கேதான் நாம் தவறவிடுகிறோம். நான் குற்றமற்றவன், அதனால் அடிக்காதே என்று அவர் சொல்லவில்லை. தவறு இருந்தால் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறார். தவறு செய்தவனையும் காக்கிற கேள்வி அது.

காவல்துறையைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. காக்கி அணிந்தோர் நம் பங்குக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். வேப்பூரிலும் தொழுதூரிலும் நெடுஞ்சாலை வெயிலில் நிற்பவர்களின் களைப்பைப் பார்க்கத்தானே செய்கிறோம். தலைக்கவசம் இல்லாமல் போய் விழுந்த பிள்ளைகளின் அடக்கச் சடங்கில் நின்றிருக்கிறோம். சோதனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வோம்? யோர்தான் கரையில் படைவீரர்களும் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பணம் பிடுங்காதீர்கள், பொய்க்குற்றம் சாட்டாதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள் என்றார்.

குருக்களான எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பழைய காலத்து அரசுகள் ஒழுங்கு என்ற பெயரில் கொடுமை செய்தபோது மேய்ப்பர்கள் பெரும்பாலும் தட்டிக்கேட்கவில்லை, தங்கள் நீதிமன்றங்களிலேயே சித்திரவதையை ஏற்றுக்கொண்டார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே, 2298ஆம் எண்ணில், ஒப்புக்கொள்கிறது.

எருசலேமில் சாட்டையடிக்காகத் தூய பவுலைக் கட்டியபோது, தீர்ப்பிடாமல் ஓர் உரோமைக் குடிமகனை அடிக்கச் சட்டம் இடம்தருகிறதா என்று நூற்றுவர் தலைவரைக் கேட்டார். கட்டியவர்கள் பின்வாங்கினார்கள். நம் இளைஞர்களும் அப்படிக் கேட்கலாம், மரியாதையாக. கைகாட்டினால் வண்டியை நிறுத்துங்கள். உரிமத்தைக் காட்டுங்கள், டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். அபராதம் என்றால் ரசீது வாங்குங்கள். அடி விழுந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காயத்தைப் பதிவு செய்யுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மனு எழுதலாம். தனியாகப் போகவேண்டாம்.

வரும் ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில் முருகேசன், உஷா இருவர் பெயரையும் சொல்லி மன்றாடுவோம். அடுத்த மன்றாட்டு நம் பங்கின் காவலர்களுக்காக. அடிவாங்கிவிட்டு வெளியே சொல்லப் பயந்து வீட்டில் இருக்கிறவர் யாராவது இருந்தால், திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். மனு எழுதித் தரவும் கூட வரவும் ஆள் இருக்கிறோம்.