ஊரார் பிள்ளையும் நம் பிள்ளையே

 

கல்விச் சங்கம் ஒன்று வெள்ளி விழாக் காணும் வேளையில் தேர்ச்சி பெற்றோர் தொகையையும் பட்டம் பெற்றோர் பெருமையையும் பேசுவது மரபு. அவற்றை மற்றவர் பேசுவர். நாம் எடுத்துக்கொண்ட பொருள், பள்ளிப் பதிவேட்டில் பெற்றோர்க்குப் பதிலாக வேறொருவர் 'பாதுகாவலர்' எனக் கையொப்பமிடும் பிள்ளைகளைப் பற்றியது. பெற்றோர் குடியால் மாண்டோ செயலிழந்தோ போக, பாட்டி வீட்டிலும் அத்தை வீட்டிலும் அண்டை வீட்டிலும் வளரும் பிள்ளைகள் அவர்கள். அவர்களை ஏற்ற குடும்பங்கள் சோறும் துணியும் தரத் தயங்குவதில்லை. அப்பிள்ளையின் வீட்டைச் சிதைத்த நோயைப் பற்றிய தெளிவுதான் போதாமல் இருக்கிறது. அத்தெளிவு இல்லாவிடின் அன்போடு சொல்லும் சொல்லும் பிள்ளையின் நெஞ்சில் வடுவாகிவிடும்.

குந்தாப் பகுதிக்கு நம் மக்கள் பல வழிகளில் வந்து சேர்ந்தனர். தேயிலைத் தோட்டப் பணிக்காகச் சமவெளியிலிருந்து மலையேறியோர் ஒருசாரார். 1950களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் கட்டுமானப் பணிக்கு வந்தோர் ஒருசாரார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தோர் இன்னொரு சாரார். இக்குடும்பங்களின் உறவினர் பலர் கடலுக்கு அப்பாலும் மலைக்குக் கீழும் தங்கிவிட்டனர். ஆகவே லயத்தில் ஒரு வீடு நிலைகுலைந்தால், அடுத்த வீட்டாரே அப்பிள்ளைக்குப் பெரியம்மாவும் மாமாவும் ஆகின்றனர். இது நம் மக்களின் பெருங்குணம். அக்குணத்திற்கு அறிவும் துணைநிற்க வேண்டும்.

குடிநோய் என்பது யாது? நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மதுவின் மயக்கத்துக்கு ஈடுகொடுக்க நரம்புகளை எப்போதும் முடுக்கிய நிலையில் வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. மது திடீரென நின்றால் அந்த முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கை நடுங்கும்; வியர்வை பெருகும்; உறக்கம் கெடும். சிலர்க்கு முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரும். சிலர்க்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே இல்லாத உருவங்கள் தோன்றி, நினைவு குழம்பி, உயிருக்கே இடர் நேரும். ஆகையால், நெடுங்காலம் குடித்தவரை அறையில் பூட்டிவைத்து நிறுத்த முனைதல் கூடாது. அவரறியாமல் சோற்றில் மருந்துப் பொடி கலந்து கொடுத்தலும் பெருந்தீங்கு விளைக்கும். மருத்துவர் மேற்பார்வையிலேயே குடியை நிறுத்த வேண்டும். நிறுத்திய பின்னும் சிலர் மீண்டும் குடிப்பர். நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை மீண்டும் ஏறுவதைப் போன்றதே அது. சிகிச்சை தோற்றதாகக் கருதிக் கைவிடாமல் மறுபடியும் அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

"குளிருக்குக் கொஞ்சம் வேண்டும்" என்னும் சொல் இம்மலையில் பழகிப்போன ஒன்று. மது அருந்தினால் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் மேனி கதகதப்பாகத் தோன்றுகிறது. உண்மையில் உள்ளுடலின் வெப்பம் வெளியேறிவிடுகிறது. குளிரில் குடித்துவிட்டுப் பாதையோரம் உறங்குபவர் மாள்வதற்கு இது முக்கியக் காரணம்.

மற்றொரு சொல் இதனினும் கொடியது. குடி நம் சாதியின் குணம் என்பார் உளர். எல்லாச் சாதியிலும் எல்லா நாட்டிலும் காணும் நோயை ஒரு மக்களின் பிறவிக் குணமாக்குவது பழைய இழிவின் புதிய வடிவமே. இதே நீலகிரியில், 1891 டிசம்பர் 1ஆம் நாள், அயோத்திதாசப் பண்டிதர் உதகையில் மாநாடு கூட்டி, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் உதவித்தொகையும் வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றினார். பின்னர் அவர் தழுவிய பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவது. 1956இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளிலும் மது அருந்தேன் என்பது ஒன்று. குடியை விலக்கும் மரபு நமக்கு அயலானதன்று. எனினும் ஒன்றை நினைவில் கொள்வோம். உறுதிமொழி, குடியைத் தொடாத இளைஞனுக்குக் கவசம். நோயில் வீழ்ந்தவனுக்கு உறுதிமொழியோடு மருத்துவமும் வேண்டும்.

இனிப் பிள்ளையிடம் வருவோம். புதிதாக வந்த பிள்ளை, வயிறார உண்ட பின்னும் ரொட்டியைப் பாயின் கீழ் ஒளிக்கும். வாசலில் காலடி கேட்டால் விழித்தெழும். பத்து வயதிலேயே தம்பியைக் குளிப்பாட்டும், அடுப்பு மூட்டும், விளையாட மறுக்கும். தேவையின்றிப் பொய் சொல்லும். இவற்றைத் திருட்டுப் புத்தி என்றும் முதிர்ச்சி என்றும் பிழையாகப் படிக்கிறோம். சம்பள நாளன்று என்ன நிகழுமோ என்று அஞ்சி வாழ்ந்த வீட்டில், உயிர்பிழைக்கக் கற்ற பாடங்கள் இவை. அடித்தால் மறையா. குறித்த நேரத்தில் உணவும், சொன்ன சொல் தவறாத பெரியவரும், அச்சமின்றி உறங்கும் இரவுகளும் பல மாதம் தொடர்ந்தால் மெல்ல மறையும்.

பிள்ளையின் முன்னே அதன் தந்தையைத் திட்டுதல் வேண்டா. "குடிகாரன் மகன்" என்னும் சொல்லை அப்பிள்ளை தன் பெயராகவே ஏற்றுக்கொண்டுவிடும். "அப்பாவுக்கு நோய் இருக்கிறது. அது உன்னால் வந்ததன்று. அதைத் தீர்ப்பது உன் வேலையும் அன்று" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெற்றோர் தெளிந்த நிலையில் வந்தால் பிள்ளையைப் பார்க்க விடுங்கள். குடித்து வந்தால் வாதாடாமல், மறுநாள் வரச் சொல்லி அனுப்புங்கள். எந்நிலையிலும் போதையிலுள்ளவருடன் பிள்ளையை அனுப்பலாகாது.

வளரும் பருவத்தில் மேலும் ஒரு கவனம் வேண்டும். குடிநோயுற்ற பெற்றோரின் பிள்ளைக்கு அந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் கூடுதல் என்பது மருத்துவம் கண்ட உண்மை. அது விதியன்று, ஆனால் முதல் மிடற்றைத் தள்ளிப்போடுவதே அவனுக்குச் சிறந்த காப்பு. கஞ்சாவும், உதட்டுக்குள் வைக்கும் கூல் லிப் புகையிலையும் மாணவர் கைக்கு வருகின்ற காலம் இது. சிறுவர்க்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ தருவோர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டென்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. அதைக் கடைக்காரரிடம் எடுத்துரைக்க நம் இளைஞர் தயங்கலாகாது.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரில் நம் மக்கள் பலர். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. ஒரே நாளில் பலர் மாண்டால் நாடு திரும்பிப் பார்க்கிறது. ஆண்டுக்கு ஒருவராக லயத்தில் ஈரல் கெட்டு மாள்வோரின் பிள்ளைகளுக்கு எந்த அறிவிப்பும் தானாக வருவதில்லை. நாமே கேட்டுப் பெற வேண்டும். மேற்சொன்ன 2015ஆம் ஆண்டுச் சட்டம் வளர்ப்புப் பராமரிப்பை முறைப்படுத்தியுள்ளது. வாத்சல்யா திட்டத்தில், தகுதியுடைய பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. உறவினர் வீட்டில் வளர்வதற்கும் பிறர் வீட்டில் வளர்வதற்கும் விதிகள் வேறுபடும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டறிக. பிள்ளைக்கு இடர் எனில் 1098, போதையிலிருந்து மீள வழி கேட்க 14446, மனம் சோர்ந்தால் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்களை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டுவோம்.

வளர்ப்போர்க்கும் ஆறுதல் வேண்டும். சென்னையில் 1980இல் திருமதி சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை, குடிப்பவர்க்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தார்க்கும் பயிற்சி அளித்து வழிகாட்டியது. அதைப் பின்பற்றி, மாதம் ஒருமுறை மஞ்சூரில் வளர்ப்புக் குடும்பங்கள் கூடிப் பேச இச்சங்கம் இடமளிக்கட்டும். பட்டம் பெற்ற இளைஞர் ஒவ்வொருவரும் அத்தகைய பிள்ளை ஒன்றின் வீட்டுப்பாடத்தை மாலையில் ஒரு மணிநேரம் பார்க்கட்டும். மருத்துவமனைக்கு வர இசையும் தந்தையோடு உதகைக்குப் பேருந்தேறத் துணையாள் ஒருவர் எப்போதும் இருக்கட்டும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்றனர் முன்னோர். ஊட்டும் கைகள் நம்மிடம் என்றும் இருந்தன. அக்கைகளுக்கு இவ்வறிவையும் சேர்த்தளிப்பது கல்விச் சங்கத்தின் கடமை என்று கூறி அமைகின்றோம்.